சனிக்கிழமைக்குள் ஒரு பதிவு எண்

எங்கள் தெரு என்னை டாக்டராக்க ஐந்தரை வருடம் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு மதியம் போதுமானதாக இருந்தது. கவுன்சிலிங்கில் கால்நடை மருத்துவத்துக்கு இடம் கிடைத்து, அந்தத் தாளைக் கையில் பிடித்தபடி கல்மண்டபத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். வீடு போய்ச் சேர்வதற்குள் இரண்டு பேர் தங்கள் நாயின் சொறியைப் பற்றி விசாரித்துவிட்டார்கள். டீக்கடை பெஞ்சில் இருந்த ஒருவர் லுங்கியைத் தூக்கித் தன் முட்டியைக் காட்டினார்.

"மாட்டுக்கே பாக்கப் போற, மனுஷன் இன்னா பெரிய இது? சும்மா பாரு மா" என்றார்.

நான் அப்போது படித்திருந்தது பிளஸ் டூ. அதிலும் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்க்க அப்பா பேசி முடித்திருந்தார். உயிரியல் படிக்காவிட்டால் இந்தப் படிப்பின் வாசலைக்கூட மிதிக்க முடியாது என்று தெரிந்ததும், பள்ளி திறந்த முதல் வாரமே வீட்டில் ரகளை செய்து பிரிவை மாற்றிக்கொண்டேன். ரகளை செய்வது எனக்குப் பிறவியிலேயே வரும். இயற்பியலும் வேதியியலும்தான் போராடி வந்தன.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் டேலி கிளார்க் வேலை. கப்பலிலிருந்து இறங்கும் கன்டெய்னரில் உள்ள எண்ணும் தாளில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்து டிக் அடிக்க வேண்டும். வேலை முடிந்து வந்தால் நேராக மொட்டை மாடி. அங்கே அவருடைய அறுபது ஹோமர் புறாக்கள். வடசென்னையில் பந்தயப் புறா வளர்ப்பது எப்படிப்பட்ட பித்து என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். புறாக்களைக் கூடையில் அடைத்து, லாரியில் ஏற்றி, ஆந்திராவுக்குள் வெகுதூரம் கொண்டுபோய் விடியற்காலையில் திறந்துவிடுவார்கள். எது முதலில் சொந்த மாடிக்குத் திரும்பி வருகிறதோ அது ஜெயித்தது. அதற்காகப் பெரிய மனிதர்கள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, வாயைப் பிளந்துகொண்டு வடக்கு வானத்தைப் பார்த்து நிற்பார்கள்.

கல்லூரியில் நான் என்ன படித்துவிட்டு வந்தாலும் மாடியில் அது செல்லாது. முதல் வருடம் முழுக்க எலும்புகள். மாட்டின் எலும்பு, குதிரையின் எலும்பு, நாயின் எலும்பு, கோழியின் எலும்பு. கண்ணைக் கட்டிக் கையில் கொடுத்தாலும் எந்த மிருகம், எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும். சொல்லுவேன். ஆனால் மாடியில் ஒரு புறா சோர்ந்திருக்கிறது, எச்சத்தைப் பரிசோதிக்கலாம் என்றால் அப்பா சிரிப்பார்.

"எலும்புக்குப் பேர் சொல்லத் தெரிஞ்சா புறா தெரிஞ்சிடுமா? போ, கீய போயி காப்பி போடு."

அவரிடம் எல்லா நோய்க்கும் ஒரே மருந்து. பூண்டும் மிளகும் இடித்து உருட்டிய உருண்டை. அதோடு ஒரு சட்டமும் உண்டு. பந்தயத்துக்குப் புறப்படும் வாரத்தில் புறாவின் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் மூச்சு கலைந்து பாதி வழியில் உட்கார்ந்துவிடுமாம். இறக்கையை விரித்துப் பார்க்கலாம், கண்ணை உற்றுப் பார்க்கலாம், நெஞ்செலும்பைத் தடவலாம், வாய் மட்டும் கூடாது. இதைச் சொன்னது யார் என்று கேட்டால் அவருடைய தோஸ்துகளைக் காட்டுவார். தோஸ்துகளைக் கேட்டால் அப்பாவைக் காட்டுவார்கள்.

நாலரை வருடம் பாடம், செய்முறை, வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ள நிற்பது, எல்லாம் முடித்து ஒரு வருடப் பயிற்சிக்கு வந்தேன். அந்தப் பயிற்சிக்கே மாநிலக் கால்நடை மருத்துவ கவுன்சிலில் தற்காலிகப் பதிவு செய்ய வேண்டும். மேலே ஒரு டாக்டர் இருக்கும்போது மட்டுமே ஊசியைத் தொடலாம். தனியாக ஒரு சீட்டில்கூடக் கையெழுத்துப் போடக் கூடாது. ஒவ்வொரு பிரிவிலும் இத்தனை நாள், இத்தனை கேஸ் என்று ஒரு நோட்டு. அதில் அந்தந்தப் பிரிவு டாக்டர் கையெழுத்திட வேண்டும். நாய், பூனை, பண்ணை, கோழி, இறைச்சிக்கூடம் என்று எல்லாவற்றையும் சுற்றி வந்தேன்.

அந்த வருடத்தை நினைத்தால் இப்போதும் உடம்பில் ஒரு துள்ளல் வருகிறது. திருவொற்றியூரில் ஒரு தொழுவத்தில் பசு இரவெல்லாம் முக்கிக்கொண்டு நின்றிருந்தது. கன்றின் ஒரு கால் உள்ளே மடங்கிக் கிடந்தது. பயிற்சி கொடுத்த டாக்டரின் கை பருமன், என் கை ஒல்லி. "நீ போ" என்றார். தோள் வரை உள்ளே விட்டேன். அந்தச் சூட்டில், இருட்டில், முதல் வருடத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு படித்த எலும்பு விரலில் தட்டியது. முன்னங்கால், முட்டி, அதோ குளம்பு. மெல்லத் திருப்பி இழுத்தேன். கன்று வழுக்கிக்கொண்டு என் மடியிலேயே விழுந்தது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து ஒர்க் ஷாப்பில் வேலை நின்று எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் என் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. எனக்கு அதுவும் பெருமையாகத்தான் இருந்தது.

இப்படி ஆகாயத்தில் மிதந்துகொண்டிருந்தவளைத்தான் அப்பா ஒரு நாள் தரையில் இறக்கினார்.

அவருடைய புறாச் சங்கத்தில் அந்தப் பருவத்துக்கு ஒரு புதுக் கட்டுப்பாடு. மாநில எல்லையைத் தாண்டிப் பறவைகளைக் கொண்டுபோக, அவை ஆரோக்கியமாக இருக்கின்றன என்று பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் கையெழுத்திட்ட சான்றிதழ் வேண்டும். முந்தைய வருடம் சோதனைச் சாவடியில் லாரியை வெகுநேரம் நிறுத்திவிட்டதால் வந்த ஞானம். சங்கத்தின் செயலாளர், முகத்துவாரக்குப்பத்தில் படகு எஞ்சின் பழுது பார்ப்பவர், ஒரு டாக்டரை ஏற்பாடும் செய்திருந்தார். கூட்டத்தில் அப்பா எழுந்து நின்று, "எதுக்கு வெளியாளு? என் பொண்ணு கீது, அவ போடுவா" என்று சொல்லிவிட்டார். கைதட்டியிருக்கிறார்கள். ஏற்பாடு செய்த டாக்டரிடம் வேண்டாம் என்று சொல்ல, அவர் அந்த வாரம் சொந்த ஊருக்கு டிக்கெட் எடுத்துவிட்டார்.

அது அந்தப் பருவத்தின் நீண்ட தூரப் பந்தயம். அப்பாவிடம் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டை இருந்தது. மூன்று பருவங்களாக அதைச் சின்னத் தூரம், நடுத்தரத் தூரம் என்று பறக்கவிட்டு, இந்த ஒரு பந்தயத்துக்காகத்தான் தயார் செய்துகொண்டிருந்தார். எனக்கு வாங்கிக் கொடுக்காத பாதாம் அதற்குக் கிடைத்தது. சனிக்கிழமை லாரி புறப்படுகிறது. நான் கையெழுத்துப் போடாவிட்டால் அவருடைய பெட்டை மட்டுமல்ல, சங்கத்தின் ஒரு புறாவும் போகாது.

எனக்கோ பயிற்சி முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. நோட்டில் எல்லாக் கையெழுத்தும் வாங்கி, கடைசி மதிப்பீட்டிலும் தேறி, கவுன்சிலில் நிரந்தரப் பதிவுக்கு விண்ணப்பித்திருந்தேன். அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்க வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். அன்றைக்கே எண் கிடைக்குமா, அடுத்த வாரம் ஆகுமா, எனக்குத் தெரியாது.

"நம்பர் வரலனா நான் போட மாட்டேன் நைனா."

"நீதான் பாஸாயிட்டியே!"

"பாஸானா ஆச்சா? பதிவு ஆகணும்."

அவர் பையிலிருந்து ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். ரப்பர் ஸ்டாம்ப். என் பெயர், பட்டம், கால்நடை மருத்துவர், பதிவு எண். எண்ணைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. கல்லூரி அடையாள அட்டையில் இருந்த என் சேர்க்கை எண். நம்பர் என்று கேட்டார்களாம், இவர் பார்த்துக் கொடுத்தாராம். ஒரு கன்டெய்னருக்கு ஒரு நம்பர்தானே இருக்கும் என்பது அவர் உலகம். பிள்ளை பிறப்பதற்குள் தொட்டில் கட்டி, தாலாட்டும் பாடி முடித்துவிட்டார் மனிதர்.

அன்று நான் போட்ட சத்தத்தில் மாடிப் புறாக்கள் எல்லாம் எழும்பி ஒரு சுற்று சுற்றிவிட்டு உட்கார்ந்தன. ஐந்தரை வருடம் ராத்திரி பகலாகப் படித்ததை ஒரு பொய்க் கையெழுத்தில் தொலைக்கச் சொல்கிறாயா என்று கேட்டேன். பதிவு இல்லாமல் டாக்டர் என்று கையெழுத்துப் போட்டால், அந்தப் பதிவே எனக்கு இல்லாமல் போகலாம் என்றேன். அவர் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் புரிந்த மாதிரித் தெரியவில்லை. பிறகு எனக்கே ஒன்று தோன்றியது.

ஹோமர் குஞ்சு பொரித்த ஏழெட்டு நாளுக்குள் சங்கத்தின் எண் பொறித்த வளையத்தை அதன் காலில் மாட்டிவிட வேண்டும். கால் பெருத்துவிட்டால் வளையம் ஏறாது. புறாக்காரர்களுக்கு அது வேதம்.

"நைனா, ரிங்கு இல்லாத புறாவ ரேஸுல உடுவியா?"

"அத்த எப்டி உடுறது? எவன் ஒத்துப்பான்?"

"நல்லாப் பறக்குற புறாதான?"

"பறந்து இன்னா? லிஸ்டுலயே வராதே."

"நான் இப்ப அந்தப் புறாதான்."

அப்பா ஸ்டாம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கத்தரிக்கோலை எடுத்து ரப்பரை அதன் கட்டையிலிருந்து உரித்து இரண்டாக வெட்டினார். "வெள்ளிக்கெயம நானு வரல. எனக்கு படபடன்னு வரும். நம்பர் வந்தா போன் பண்ணு" என்றார்.

வெள்ளிக்கிழமை கவுன்சிலில் என்னோடு இன்னும் ஐந்தாறு பேர் காத்திருந்தார்கள். பிறப்புச் சான்று, மதிப்பெண் பட்டியல்கள், பட்டச் சான்று, பயிற்சி முடித்த சான்று, தற்காலிகப் பதிவு, புகைப்படம். கல்யாணத்துக்குக்கூட இத்தனை பொருத்தம் பார்ப்பதில்லை. ஒவ்வொரு தாளாக என் கையைவிட்டுப் போய், சரிபார்த்துத் திரும்பி வந்தது. நெஞ்சு அடித்த அடி எதிரே உட்கார்ந்து சரிபார்த்த அலுவலருக்குக் கேட்டிருக்கும். கடைசியில் ஒரு பதிவேட்டைத் திருப்பி என் பக்கம் வைத்து, "இங்க ஒரு கையெழுத்து. இதுதான் உங்க நம்பர்" என்றார். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். மனுஷன் ஒரு சாக்லேட்டாவது கொடுத்திருக்கலாம்.

வெளியே ஓடிவந்து அப்பாவுக்குப் போன் செய்தேன். பின்னணியில் கிரேன் இரைச்சல்.

"வந்துட்டுதா?"

"வந்துட்டுது நைனா!"

"இரு, இரு. பேனா எடுத்துக்கறேன். ம், சொல்லு."

ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னேன். கன்டெய்னர் எண்ணை ஒப்பிடுவதுபோல ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். முழுவதையும் ஒரு தடவை படித்துவிட்டு, "சரியா கீது" என்றார். பிறகு யாரிடமோ, "டேய், எம் பொண்ணுக்கு ரிங்கு மாட்டிட்டாங்கடா!" என்று கத்தியது கேட்டது. நடைபாதையில் நின்றுகொண்டு நான் தனியாகச் சிரித்தேன். போகிறவர்கள் என்ன நினைத்தாலும் எனக்குக் கவலையில்லை.

சனிக்கிழமை காலையிலேயே முகத்துவாரக்குப்பம் கிளம்பினோம். அப்பா வண்டி ஓட்ட, பின்னால் நான், என் மடியில் சாம்பல் பெட்டை இருந்த கூடை. எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நின்ற கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அவர் பாட்டு ஒன்றை முனகிக்கொண்டே நெளிந்து நெளிந்து போனார். செயலாளரின் எஞ்சின் கொட்டகையில் ஒரு மேசை போட்டு, அதன்மேல் துணி விரித்து, ஒரு மாலையும் வைத்திருந்தார்கள். மாலையை நான் வாங்க மறுத்தேன். முதலில் புறாவைக் காட்டுங்கள் என்றேன்.

நாற்பது பேர், இருநூற்றுச் சொச்சம் புறாக்கள். முதல் புறாவை எடுத்து, இறக்கை, கண், எச்சம் பார்த்துவிட்டு அலகைப் பிரித்தேன். கொட்டகையே பதறியது.

"ஐயே, வாயத் தொறக்காத மா! மூச்சு கலஞ்சிரும்" என்றார் புறாவின் சொந்தக்காரர்.

"தொறக்கலனா கையெழுத்து இல்ல" என்றேன்.

எத்தனை நாள் கனவு அந்த வாக்கியம்! முணுமுணுத்துக்கொண்டே வழிவிட்டார்கள். போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு தொண்டையாகப் பார்த்தேன். காதில் இரைந்த குப்பத்துக் காற்று, எஞ்சின் ஆயில் நாற்றம், சிறகின் தூசி, எதுவும் என்னை அசைக்கவில்லை. இறக்கையில் காயம் பட்ட ஒன்றை நிறுத்தினேன். வயிற்றுப்போக்கோடு வந்த இன்னொன்றையும் நிறுத்தினேன். அதன் சொந்தக்காரருக்குக் கோபம்.

"எங்குளுத மட்டும் நிறுத்து. சொந்த வூட்டுப் பெட்டை வரட்டும், அப்பப் பாக்கலாம்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"பாரேன்! சோக்கா பாரு!" என்று அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தன் கூடையை மேசைமேல் வைத்தார்.

பெட்டை கையில் நிமிர்ந்து நின்றது. இறக்கை விசிறி போல விரிந்தது. கண்ணில் ஒளி. நெஞ்சில் இரும்பாகச் சதை. அலகைப் பிரித்து வெளிச்சம் காட்டினேன். தொண்டையின் ஓரத்தில், மிளகளவில், தயிர் திரிந்த மாதிரி ஒரு மஞ்சள் திட்டு.

இன்னொரு தடவை பார்த்தேன். இடத்தை மாற்றி, வெளிச்சத்தை மாற்றி மறுபடியும் பார்த்தேன். படித்தது, பயிற்சியில் பார்த்தது, இரண்டும் ஒரே பதிலைத்தான் சொன்னன. தொண்டையில் வரும் ஒட்டுண்ணி நோய். ஆரம்பத்தில் புறா நன்றாகவே பறக்கும். ஆனால் பொதுத் தண்ணீரில் ஒரு தடவை வாய் வைத்தால் போதும், கூட வரும் கூடைகளுக்கெல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

அந்தத் திட்டைப் பார்த்தது அங்கே நான் ஒருத்திதான். வேறு யாரும் வாய்க்குள் எட்டிப் பார்க்கவே இல்லை. சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்ததை எடுத்தால் ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. அதையும் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். மூன்று பருவத்துச் சந்தோஷம் முழுக்க அப்பாவின் முகத்தில் இருந்தது. நிமிர்ந்து அதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

"நைனா, இது போவக் கூடாது."

"வெளயாடாத மா."

"தொண்டையில நோவு கீது. தண்ணியில எல்லாத்துக்கும் ஒட்டிக்கும்."

"நேத்து ஒரு மணி நேரம் சுத்திச்சி! எறங்கவே இல்ல!" என்றார் அப்பா.

செயலாளர் குறுக்கே வந்தார். "ஒரே ஒரு பறவதான மா. தனிக் கூடையில வெச்சி, தனித் தண்ணி குடுத்து..."

"மாமா, ஒன்ன உட்டா எல்லாத்தையும் உடணும். அப்பறம் நான் எதுக்கு?" என்றேன். கத்தியிருக்க வேண்டும். செயலாளர் ஓரமாக விலகிக்கொண்டார்.

நிறுத்தியவற்றின் பட்டியலில் பெட்டையின் வளைய எண்ணை எழுதினேன். அப்பா என் போனை வாங்கினார். பந்தய வாரத்தில் தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு புறாவின் வாயைப் பிரித்து, வெளிச்சம் காட்டி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அலகை மூடி, அதன் தலையைக் கட்டைவிரலால் தடவினார்.

"மாடியில கீற மத்ததுக்கும் வந்திருக்குமா?"

"வந்திருக்கும் நைனா. ஒரே தண்ணிதான."

"பூண்டுக்குப் போவாதா?"

"போவாது."

தலையை ஆட்டினார். மேசைமேல் இருந்த வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "அப்ப மருந்து எயுதிக் குடு. எல்லாத்துக்கும் சேத்து எயுது. எத்தினி நாளுன்னு பெருசா போடு, கடைக்காரன் கொயப்புவான்."

என் வாழ்க்கையின் முதல் மருந்துச் சீட்டை எழுதினேன். கண்ணில் நீர் முட்டி எழுத்து கலங்கியது, துடைத்துக்கொண்டு எழுதினேன். கையெழுத்துப் போட்டு, அடியில் என் எண்ணைப் போட்டேன். அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கூடையைத் தூக்கிக்கொண்டு, லாரி கிளம்புவதற்குக்கூடக் காத்திருக்காமல், கத்திவாக்கம் பக்கம் மருந்துக் கடையைத் தேடி வண்டியை எடுத்தார்.

வரிசையில் அடுத்து நின்றவர் மேசைக்கு வந்தார். தன் புறாவின் வாயைத் தானே பிரித்துப் பிடித்து என் முன்னால் நீட்டினார்.